இரவல் வாங்குவதும் இரவல் கொடுப்பதும்: ஆங்கிலத்தில் ‘பாரோ’, ‘லெண்டு’

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மாலை நேரப் பிரத்தியேக வகுப்பிற்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இப்போது இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு படிவங்களில் இருப்பவர்கள். சென்ற மாதம் படிவம் ஒன்றில் படிக்கும் மாணவி ஒருத்தியின் பயிற்சிப் புத்தகத்தில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்களைக் கண்டேன். தோழியிடம் கால்குலேட்டர் கேட்பதற்கு அவள் ‘கேன் யூ பாரோ மீ யுவர் கால்குலேட்டர்?’ என்று எழுதியிருந்தாள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்ததைச் சொல்வதற்கு ‘ஐ லெண்டு திஸ் புக் ஃப்ரம் த லைப்ரரி’ என்று எழுதியிருந்தாள். இரண்டு வினைச்சொற்களும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் அவ்விரண்டையும் தமிழில் சொல்லும்படி அவளிடம் கேட்டேன். “உன் கால்குலேட்டர இரவல் தர்றியா?” என்றும், “லைப்ரரில இரவல் வாங்குனேன் சார்” என்றும் சற்றும் தயங்காமல் சொன்னாள். தமிழில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. ஆங்கிலத்தின் ‘பாரோ’ என்பது அவள் சொன்ன ‘இரவல் வாங்கு’. ‘லெண்டு’ என்பது அவள் சொன்ன ‘இரவல் தா’, அதாவது ‘இரவல் கொடு’. ஏற்கெனவே கைவசம் இருக்கும் இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது ஏன் தொலைத்துவிடுகிறார்கள் என்பதையும், அதை எப்படி மீட்டுக்கொள்வது என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. சில காலம் கழித்துத் திரும்பி வருகிறது. நிகழ்வது ஒன்றுதான் என்றாலும் அதை இரு முனைகளில் நின்று பார்க்கலாம். பொருளைப் பெறுகிறவரை எழுவாயாக வைத்துப் பேசினால் ‘பாரோ’ வரும். பொருளைத் தருகிறவரை எழுவாயாக வைத்துப் பேசினால் ‘லெண்டு’ வரும். ஆகவே இவ்விரு சொற்களில் எது வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு, பொருள் யாருக்குச் சொந்தம், எத்தனை நாளைக்கு என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை. வாக்கியத்தின் எழுவாய் யார், அவர் கை நீட்டிப் பெறுகிறாரா, கை நீட்டித் தருகிறாரா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும். ஒரு பொருளை நமக்காகக் கேட்கும் வாக்கியங்களில் இது இன்னும் எளிதாகிவிடுகிறது. ‘ஐ’ என்று நம்மை எழுவாயாக்கினால் ‘பாரோ’: ‘மே ஐ பாரோ யுவர் பென்?’. ‘யூ’ என்று எதிரில் இருப்பவரை எழுவாயாக்கினால் ‘லெண்டு’: ‘கேன் யூ லெண்டு மீ யுவர் பென்?’. இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வாய்விட்டு நூறு முறை சொன்ன பிள்ளைகள், பிறகு இலக்கணம் கேட்டு என்னிடம் வந்ததில்லை.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளியிலும் கடைத்தெருவிலும் நாள் முழுவதும் மலாய் பேசுகிறார்கள். மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே வேர்ச்சொல்தான் இரு பக்கத்திற்கும் உரியது. முறையான எழுத்து மலாயில் வாங்குவதற்கு ‘மெமிஞ்சாம்’ என்றும் கொடுப்பதற்கு ‘மெமிஞ்சாம்கான்’ என்றும் ஒட்டுகள் சேர்ந்து வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆனால் பேச்சில் அந்த ஒட்டுகள் உதிர்ந்துபோகின்றன. ‘போலே பிஞ்சாம் பென்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வாக்கியத்தில் எழுவாயும் இல்லை, திசையும் இல்லை. நீட்டிய கையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சீனத்தின் மாண்டரினிலும் ‘ஜியே’ என்ற ஒரே சொல் இரு பக்கமும் நிற்கிறது. எனவே மலாய்க்காரப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை மூவரும் ஒரே வகுப்பறையில் ‘கேன் பாரோ?’ என்று கேட்டுக்கொள்வதில் வியப்பில்லை. அது மலாய் வாக்கியத்தின் மேல் ஆங்கிலச் சொற்களைப் போர்த்தியது. நண்பர்களுக்குள் அது போதுமானதாக இருக்கலாம். தேர்வுத்தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் போதாது. கட்டளை வாக்கியம் நீங்கலாக, ஆங்கில வாக்கியத்திற்கு எழுவாய் கட்டாயம். அந்த எழுவாயை எழுதியவுடன் வினையும் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.

தமிழ் இந்த வேறுபாட்டை எவ்வளவு காலமாகப் போற்றி வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், ‘தருதல்’, ‘வருதல்’ ஆகிய இரண்டும் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியன என்றும், ‘செல்லுதல்’, ‘கொடுத்தல்’ ஆகிய இரண்டும் படர்க்கைக்கு உரியன என்றும் விதி இருக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பொருள் யாரை நோக்கி நகர்கிறது என்பதைப் பொறுத்து வினையே மாறவேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆங்கிலம் இவ்விடத்தில் கேட்பது நாம் முன்பே அறிந்த ஒழுங்கைத்தான். அதனால்தான் ஆங்கில வாக்கியம் எழுதுவதற்கு முன் மனத்தில் மலாய் வாக்கியத்தை அமைக்காமல், தமிழ் வாக்கியத்தை அமைத்துப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். ‘வாங்கு’ வந்தால் ‘பாரோ’, ‘கொடு’ அல்லது ‘தா’ வந்தால் ‘லெண்டு’.

ஆனால் அடுத்த படியில், அதாவது ‘ஃப்ரம்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல்லில், தமிழே நம்மைச் சறுக்கவைக்கிறது. ‘மாமாவிடம் சைக்கிளை வாங்கினேன்’, ‘மாமாவிடம் சைக்கிளைக் கொடுத்தேன்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள். வாங்கும்போதும் ‘இடம்’, கொடுக்கும்போதும் ‘இடம்’. பேச்சில் இரண்டிற்கும் ‘கிட்ட’. திசையை வினைச்சொல்லே காட்டிவிடுவதால், உருபு ஒன்றாகவே இருந்தாலும் தமிழில் குழப்பம் இல்லை. ஆங்கிலமோ திசையை வினையிலும் காட்டும், முன்னிடைச்சொல்லிலும் மறுபடி காட்டும். ‘பாரோ’ என்றால் ‘ஃப்ரம்’. ‘லெண்டு’ என்றால் ‘டு’. ‘ஐ பாரோட் த பைசிக்கிள் ஃப்ரம் மை அங்கிள்’ என்பதில் சைக்கிள் மாமாவிடமிருந்து புறப்படுகிறது. ‘ஐ லென்ட் த பைசிக்கிள் டு மை அங்கிள்’ என்பதில் சைக்கிள் மாமாவைப் போய்ச் சேர்கிறது. ‘பாரோ டு’ என்று எழுதினால் வினை ஒரு பக்கமும் முன்னிடைச்சொல் இன்னொரு பக்கமும் இழுக்கும். படிப்பவருக்குச் சைக்கிள் எங்கே போனது என்று தெரியாது. இங்கே மட்டும் மலாய் நமக்குத் துணை செய்கிறது. ‘டாரிபாடா’ என்றால் ‘ஃப்ரம்’, ‘கெபாடா’ என்றால் ‘டு’ என்று பொருத்திக்கொண்டால் முன்னிடைச்சொல் தவறாது. வினைக்குத் தமிழ், முன்னிடைச்சொல்லுக்கு மலாய் என்று இரு மொழிகளையும் இரு கைகளாகப் பயன்படுத்தும் வாய்ப்பு இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது.

‘ஃப்ரம்’ ஆளுக்கு மட்டும் உரியதன்று. நூலகம், வங்கி, கூட்டுறவுச் சங்கம், ஒரு மொழி என்று எதிலிருந்து பெற்றாலும் அதுவே வரும். ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகியிருப்பதை ‘இங்கிலீஷ் பாரோட் த வேர்ட் ஃப்ரம் தமிழ்’ என்று சொல்வார்கள். நம் ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆனதற்கும் அதே வினை, அதே முன்னிடைச்சொல். திருப்பித் தரப்படாத இந்தக் கடனுக்கும் ஆங்கிலம் ‘பாரோ’ என்றே சொல்லும். நாமும் கடன்சொல் என்கிறோம்.

இனி, இரு வினைகளுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய இலக்கண வேறுபாட்டுக்கு வருகிறேன். ‘லெண்டு’ தன் பின்னால் இரண்டு பெயர்களை நேரடியாக ஏற்கும். பெறுகிறவர் முதலிலும் பொருள் அடுத்தும் வந்தால் முன்னிடைச்சொல்லே தேவையில்லை: ‘ஷி லென்ட் மீ ஹெர் அம்பிரெல்லா’. பொருளை முன்னால் வைத்தால் ‘டு’ வேண்டும்: ‘ஷி லென்ட் ஹெர் அம்பிரெல்லா டு மீ’. இரண்டும் சரி. ‘லென்ட் டு மீ ஹெர் அம்பிரெல்லா’ என்று இரண்டையும் கலக்கும்போதுதான் வாக்கியம் தடுக்கி விழுகிறது. பொருளின் பெயருக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் ‘லெண்டு இட் டு மீ’ என்ற இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்துவதே நல்லது. ‘பாரோ’விற்கோ இந்த வசதி கிடையாது. அதன் பின்னால் நேரடியாக வரக்கூடியது பொருள் மட்டுமே. ஆள் வரவேண்டுமானால் ‘ஃப்ரம்’ என்ற வாசல் வழியாகத்தான் வரவேண்டும். ‘பாரோ மீ யுவர் கால்குலேட்டர்’ எப்படி மாற்றியமைத்தாலும் சரியாகாததற்கு இதுவே காரணம். ‘பாரோ மீ’ என்று எழுதினால், இரவல் வாங்கப்படும் பொருள் நானே என்றாகிவிடும்.

செயப்பாட்டு வினையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. ‘ஐ வாஸ் லென்ட் எ பைசிக்கிள்’ என்றால் எனக்கு ஒரு சைக்கிள் இரவலாகத் தரப்பட்டது என்று பொருள். இது நல்ல ஆங்கிலம். ‘ஐ வாஸ் பாரோட் எ பைசிக்கிள்’ என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை.

நல்ல மாணவர்களும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. தமிழில் ‘நான் குடை இரவல் வாங்கிய பெண்’ என்கிறோம். பெண்ணிடமிருந்து வாங்கினேன் என்பதுதான் கருத்து. ஆனால் பெயரெச்சத்தில் ‘இடமிருந்து’ என்ற உருபு மறைந்துபோகிறது. ‘நான் குடை இரவல் கொடுத்த பெண்’ என்பதிலும் உருபு இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்திற்குப் போகும்போது ‘த கேர்ள் ஐ பாரோட் த அம்பிரெல்லா’ என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலம் உருபை மறைக்காது. வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தும். ‘த கேர்ள் ஐ பாரோட் த அம்பிரெல்லா ஃப்ரம்’. ‘த கேர்ள் ஐ லென்ட் த அம்பிரெல்லா டு’. கேள்விகளிலும் அவ்வாறே: ‘ஹூ டிட் யூ பாரோ இட் ஃப்ரம்?’ என்று கடைசியில் நிற்கும் அந்த ‘ஃப்ரம்’ தமிழ்க் காதுக்கு அனாதையாகத் தோன்றும். அதை விட்டுவிடக் கூடாது.

வடிவங்களைப் பொறுத்தவரை ‘பாரோ’ எளியது. இறந்தகாலத்திலும் முற்றிலும் ஒழுங்காக ‘பாரோட்’ என்றே வரும். ‘லெண்டு’ ஒழுங்கற்ற வினை. அதன் இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் ‘லென்ட்’. ‘லெண்டெட்’ என்று எழுதுவது தவறு. தமிழ் எழுத்தில் இவ்விரண்டின் இறுதி ஒலியையும் பிரித்துக் காட்ட வழியில்லாததால், இக்கட்டுரையில் நிகழ்காலத்தை ‘லெண்டு’ என்றும் இறந்தகாலத்தை ‘லென்ட்’ என்றும் எழுதி வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது நிகழ்கால வடிவம் ‘டாக்டர்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் முடியும். இறந்தகால வடிவம் ‘டீச்சர்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் முடியும். அந்த மாணவியின் நூலகத்து வாக்கியத்தில் இந்தப் பிழையும் சேர்ந்தே இருந்தது: நேற்று நடந்ததை அவள் ‘டாக்டர்’ எழுத்தில் முடித்திருந்தாள். வினையைத் திருத்தி ‘ஐ பாரோட் திஸ் புக் ஃப்ரம் த லைப்ரரி’ என்று எழுதியபோது அந்தப் பிழையும் தானே மறைந்தது.

சொல்லின் பிறப்பை அறிந்தால் மனத்தில் நிற்கும் என்பது என் அனுபவம். பழைய ஆங்கிலத்தில் ‘லெண்டு’ என்ற சொல்லின் கடைசியில் இன்றுள்ள அந்த ‘ட’கர ஒலி கிடையாது, ‘லோன்’ என்ற சொல்லுக்கு உறவான வினையாகவே அது இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில், இறந்தகால வடிவத்தில் இருந்த அந்த ஒலி, ‘செண்டு’, ‘பெண்டு’ போன்ற வினைகளின் சாயலில் நிகழ்காலத்திற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘செண்டு’ ‘சென்ட்’ ஆவது போலவே ‘லெண்டு’ ‘லென்ட்’ ஆகிறது என்று சேர்த்து மனனம் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். ‘பாரோ’வின் வேரோ பிணை, ஈடு என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். ஆங்கிலேயரின் மூதாதையர் பிணை வைத்து வாங்கியிருக்கிறார்கள். நம்முடைய ‘இரவல்’, இரத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. கேட்டு வாங்குவது என்பதே அதன் அடிப்படை.

கேட்பது என்றவுடன் பணிவும் வந்துவிடுகிறது. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்ற மூன்றும் கேட்கும் சொற்கள் என்றும், தாழ்ந்தவர் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் கேட்பார்கள் என்றும் அதே தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆங்கிலம் இந்தப் படிநிலையை வினையில் காட்டாது. வினைக்கு முன்னால் வரும் துணைவினையில் காட்டும். நண்பனிடம் ‘கேன் ஐ பாரோ’ போதும். ஆசிரியரிடமோ தோட்ட அலுவலகத்துக் கிராணியிடமோ ‘மே ஐ பாரோ’ அல்லது ‘குட் ஐ பாரோ’ என்று தொடங்குவது பொருத்தம். ‘லெண்டு’ வைத்துக் கேட்டால் ‘குட் யூ லெண்டு மீ’ என்பது பணிவான வடிவம். ‘லெண்டு மீ யுவர் ரூலர்’ என்று மொட்டையாகச் சொல்வது கட்டளை. தமிழில் ‘தாங்க’ என்று ஒரு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடுவதால், ஆங்கிலத்தில் அந்த மரியாதையைத் தனிச்சொல்லால் ஈடுகட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் திமிர் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

எவற்றையெல்லாம் ‘பாரோ’ செய்யலாம்? எடுத்துச் சென்று திருப்பிக் கொண்டுவரக்கூடிய பொருள்களுக்கே அது இயல்பாகப் பொருந்தும். அடுத்த வீட்டுக் கழிவறையை ‘பாரோ’ செய்ய இயலாது. ‘மே ஐ யூஸ் யுவர் டாய்லெட்?’ என்றுதான் கேட்கவேண்டும். வாடகை கொடுத்து எடுப்பது ‘ரெண்ட்’. திருவிழாவுக்கு நாற்காலியும் பந்தலும் பணம் கொடுத்து எடுத்துவிட்டு ‘பாரோ’ என்று எழுதினால், கடைக்காரர் இலவசமாகத் தந்ததாகப் பொருள்படும்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு வகை இரவல் நன்றாகத் தெரியும். சம்பள நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் அரிசி தீர்ந்துவிட்டால், என் தாயார் காலி பால் டின்னை என் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார். அந்த வீட்டு அத்தை டின்னின் விளிம்போடு விரலால் தடவிச் சமப்படுத்தி, மூன்று டின் அரிசியை ஒரு பாத்திரத்தில் போட்டுத் தருவார். சம்பளம் வந்ததும் அதே டின்னால் மூன்று டின் அளந்து திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். வாங்கிய அதே அரிசி திரும்புவதில்லை. அதே அளவு திரும்புகிறது. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் ‘குறியெதிர்ப்பை’ என்ற சொல்லால் குறிக்கப்படுவது இதுதான். வாங்கிய பொருளே திரும்பினால் இரவல், அதே அளவு திரும்பினால் குறியெதிர்ப்பை, வட்டியில்லாமல் சில நாளைக்குப் பணம் என்றால் கைமாற்று, வட்டியோடு என்றால் கடன் என்று தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இவை அனைத்திற்கும் ஒரே ‘பாரோ’ போதும்: ‘ஷி பாரோட் சம் ரைஸ் ஃப்ரம் அவர் நெய்பர்’ என்றும், ‘ஹி பாரோட் 50 ரிங்கிட் ஃப்ரம் மீ’ என்றும், ‘தே பாரோட் மனி ஃப்ரம் எ பேங்க்’ என்றும் எழுதலாம். ஆனால் மளிகைக்கடையில் பற்று எழுதி வாங்குவது இதில் சேராது. அங்கே பொருளை நாம் விலைக்கு வாங்கிவிட்டோம். பணம் மட்டும்தான் பாக்கி. அதற்கு ‘பை ஆன் கிரெடிட்’ என்பதே சரியான தொடர். கடையில் அரிசியை ‘பாரோ’ செய்தேன் என்று எழுதினால், அந்த அரிசியை மறுபடி அளந்து கொடுக்கப்போவதாக ஆகிவிடும்.

‘லோன்’ என்ற சொல்லைப் பற்றியும் கேட்பார்கள். உயர்கல்விக்கு பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் தரும் ‘பிஞ்சாமான்’ ஆங்கிலத்தில் ‘லோன்’ என்ற பெயர்ச்சொல். அமெரிக்கர்கள் அதையே வினையாகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் ஆங்கில மரபைப் பின்பற்றுவதால், எழுத்தில் ‘லோன்’ பெயராகவும் ‘லெண்டு’ வினையாகவும் இருக்கட்டும் என்பது என் கருத்து. ‘லெண்டு எ ஹேண்ட்’ என்ற தொடரில் மட்டும் யாரும் கையைக் கழற்றித் தருவதில்லை. உதவி செய் என்பதே அதன் பொருள். அதிலும் அமைப்பு அதேதான்: ‘லெண்டு மீ எ ஹேண்ட்’.

வாங்கியதைத் திருப்பித் தரும்போது வரும் வினை ‘ரிட்டர்ன்’. பொருள் மறுபடி ஒருவரை நோக்கிப் போவதால் இங்கே ‘டு’ வரும்: ‘ஐ ரிட்டர்ன்ட் த கால்குலேட்டர் டு ஹெர்’. ‘ரிட்டர்ன் பேக்’ என்று எழுதுவது இவ்வட்டாரத்தில் மிகப் பரவலான பழக்கம். ‘திருப்பி’ என்ற கருத்து ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘பேக்’ வேண்டியதில்லை. ‘பேக்’ வேண்டுமென்றால் ‘கிவ் பேக்’ என்று எழுதலாம். அந்த மாணவி தன் பயிற்சிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு வாக்கியம் எழுதி, அடுத்த வகுப்பில் என்னிடம் நீட்டினாள். ‘மை ஃப்ரெண்ட் லென்ட் மீ ஹெர் கால்குலேட்டர் அண்ட் ஐ ரிட்டர்ன்ட் இட் டு ஹெர் ஆன் மண்டே’ என்று இருந்தது. நான் கேட்காமலேயே, ‘லென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தின்கீழ் அவள் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாள்.